கோலி சோடாவும் கத்திரி வெயிலும்

கத்திரி வெயில் வந்துவிட்டால், நம் புதுச்சேரியில் நேரு வீதிப் பக்கம் போய் மார்க்கெட் வேலையை முடிப்பதற்குள் நாக்கு வறண்டுவிடும். "ஒரு பன்னீர் சோடா குடிச்சாத்தான் உயிர் வரும்" என்று தோன்றும். கடைக்காரர் ஐஸ் பெட்டியிலிருந்து எடுத்து உடைத்துத் தரும் சோடா சுருக்கென்று இருக்கிறது. அதையே வாங்கி வந்து கூடத்தில் வைத்துவிட்டுச் சாயங்காலம் திறந்தால்? பாதி பொங்கித் தரையில், மீதி சப்பென்று! என்ன காரணம் தெரியுமா?

சர்க்கரை வெந்நீரில் சட்டென்று கரையும். குளிர்ந்த நீரில் தாமதமாகக் கரையும். வாயுவின் குணமோ நேர் எதிர். தண்ணீர் குளிரக் குளிர அதிகம் கரையும். சூடேறினால் வெளியே ஓடப் பார்க்கும். அடுப்பில் தண்ணீர் கொதிப்பதற்கு வெகு முன்பே பாத்திரத்தின் அடியில் பொடிப் பொடியாகக் குமிழிகள் ஒட்டிக்கொண்டிருக்குமே, அது நீரில் கரைந்திருந்த காற்றுதான்.

சோடாவில் இருப்பது கரியமில வாயு. சாதாரண அழுத்தத்தில் ஒரு லிட்டர் தண்ணீர், 5 டிகிரி சென்டிகிரேடில் சுமார் 1.4 லிட்டர் வாயுவைத் தன்னுள் வைத்துக்கொள்ளும். 40 டிகிரியிலோ அரை லிட்டர்தான். மூடிய பாட்டிலுக்குள் மிச்ச வாயு எங்கே போகும்? மேலே சேர்ந்து முட்டும். ஃப்ரிஜ்ஜில் இருந்ததைப்போல் ஏறக்குறைய இரண்டரை மடங்கு அழுத்தம்! 1870-களில் இங்கிலாந்தின் ஹைரம் காட் அமைத்த கோலி பாட்டிலில், கோலியைக் கழுத்தோடு இறுக்கிப் பிடித்திருப்பதும் இந்த அழுத்தம்தான்.

ஆகவே, கண்ணாடி சோடா பாட்டிலை வெயில் படும் திண்ணையிலோ, அடுப்பருகிலோ, பூட்டிய காரிலோ வைக்காதீர்கள். விரிசல் உள்ள பாட்டில் வெடித்தால் குழந்தைகளின் கண்ணுக்கு ஆபத்து. அவசரத்துக்கு ஃப்ரீஸரிலும் வேண்டாம். தண்ணீர் உறையும்போது சுமார் 9 சதவீதம் பெருக்கும்; பனிக்கட்டிக்குள் வாயுவுக்கும் இடமில்லை. குளிர்ந்த பிறகு, முகத்துக்கு நேராகப் பிடிக்காமல் மெதுவாகத் திறப்பதே நல்லது.

இன்னொரு விஷயம், இதுதான் முக்கியம். ஜில்லென்று குடித்த சோடா வயிற்றில் 37 டிகிரிக்குச் சூடாகிறது. உடனே வாயு பிரிந்து ஏப்பமாக வருகிறது. "அப்பாடா, கேஸ் போயிடுச்சு" என்கிறோம். போனதில் பெரும்பகுதி, நாம் இப்போதுதான் காசு கொடுத்து உள்ளே அனுப்பிய வாயு!

சாதாரண மந்தத்துக்கு இதனால் பாதகமில்லை. ஆனால் மார்பில் அழுத்தம், தோளுக்கோ தாடைக்கோ பரவும் வலி, வியர்வை, மூச்சுத்திணறல் என்றால், "வாயுப் பிடிப்புதான்" என்று சோடா வாங்க ஆளனுப்பாதீர்கள். பெண்களுக்கு மாரடைப்பு, குமட்டலும் அசதியுமாக, அஜீரணம் போலவே வருவதுண்டு. ஏப்பம் வந்ததும் தேவலாம் போலிருக்கும். அந்த நேரத்தில் இதயத்தின் தசை பாழாகிக்கொண்டிருக்கும். உடனே 108-ஐ அழையுங்கள். வீட்டுக்காரருக்கு என்றால் பதறி ஓடும் நாம், நமக்கு என்றால் "சமையலை முடிச்சிட்டுப் பார்த்துக்கலாம்" என்போமே, அந்த வழக்கத்தை மட்டும் இன்றோடு விட்டுவிடுங்கள், சகோதரிகளே!