நன்றி கூறலும் நன்றி அறிதலும்

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் ஆண்டுதோறும் நவம்பர்த் திங்கள் நான்காம் வியாழக்கிழமை நன்றி கூறும் திருநாளாகக் கொண்டாடப்படுகின்றது. அன்று கல்விச்சாலைகளும் காரியாலயங்களும் மூடப்பெறும். தொலைவிற் பிரிந்திருந்த மக்கள் தாய்வீடு திரும்புவர். வான்கோழிக் கறி பந்தியை நிறைக்கும். ஆண்டு முழுவதும் ஒன்றைக் கேட்பதற்கே கடவுளை நாடும் மனிதன், பெற்றவற்றை எண்ணிப் பார்க்க ஒரு நாளேனும் ஒதுக்குதல் நன்றே. அந்நாளை இகழ நாம் எழுதுகோல் எடுத்தோமல்லேம். கிறிஸ்தவன் ஒருவன் அந்நாளில் எதனையெல்லாம் அறிந்து நன்றி செலுத்துதல் வேண்டும் என்பதே நம் வினா.

இத்திருநாளின் தோற்றமாகப் பலரும் எடுத்துரைக்கும் வரலாறு நம் மாணவர் சிலர்க்குப் புதிதன்று. 1620 ஆம் ஆண்டு 'மேபிளவர்' என்னும் கப்பலில் 102 பேர் இங்கிலாந்தினின்றும் புறப்பட்டு, தம் மனச்சான்றின்படி கடவுளை வழிபடுதற்கு இடம் நாடிச் சென்று, பிளிமத் என்னும் குடியிருப்பை அமைத்தனர். முதற் பனிக்காலம் கழிவதற்குள் அவருள் ஏறக்குறையப் பாதிப்பேர் மாண்டனர். எஞ்சியோர்க்கு மக்காச்சோளம் விதைக்கவும், மீனை எருவாக இடவும் கற்பித்தவன் அந்நாட்டுப் பழங்குடிகளுள் ஒருவனாகிய டிஸ்குவாண்டம். 1621 ஆம் ஆண்டு அறுவடையானபின் மூன்று நாள் விருந்து நடந்தது. வம்பனோக் குடிகளின் தலைவனாகிய மாசசாயிட்டு தொண்ணூறு வீரரோடு வந்து ஐந்து மான்களை அளித்தான். எட்வர்டு வின்ஸ்லோ என்பார் எழுதிய கடிதம் ஒன்று இதற்குச் சான்று. அக்கடிதம் அவ்விருந்தை நன்றி நாள் என்று கூறவேயில்லை. அம்மக்களுக்கு நன்றி நாள் என்பது சபை கூடிச் செபிக்கும் நாளே. பந்தியின்றிப் பண்டிகையில்லை என்றிருக்கும் நம்மனோர் இதனைச் சிறிது நினைக்கலாம்.

டிஸ்குவாண்டத்தின் வரலாறோ நெஞ்சை உருக்குவது. 1614 ஆம் ஆண்டு தாமஸ் ஹண்டு என்னும் ஆங்கிலக் கப்பற்றலைவன் அவனையும் வேறு பலரையும் வஞ்சித்துப் பிடித்து, ஸ்பெயின் நாட்டில் அடிமைகளாக விற்கக் கொண்டு சென்றான். அவன் தப்பி, இங்கிலாந்து சென்று, 1619 இல் தன் ஊராகிய பட்டுக்செட்டுக்கு மீண்டபோது அங்கே ஓருயிரும் இல்லை. ஐரோப்பியர் வழியாய்ப் பரவிய கொள்ளைநோய் ஊர் முழுவதையும் அழித்திருந்தது. அவன் உற்றார் திருத்தி உழுத அந்த வெற்று நிலத்திலேதான் பிளிமத் எழுந்தது! குடியேறினோர் அவனைக் கடவுள் தமக்கென அனுப்பிய கருவி என்று எழுதி வைத்தனர். அனுப்பியவரை அவர் அறிந்தனர். அனுப்பப்பட்டவன் இழந்ததை எண்ணினரோ?

பின் நிகழ்ந்தது இதனினும் கொடிது. விருந்துக்கு மான் கொணர்ந்த மாசசாயிட்டின் மகன் மெட்டகோம், தன் மக்களின் நிலம் நாளும் பறிபோதல் கண்டு 1675 இல் போர் தொடுத்தான். 1676 ஆகஸ்டில் அவன் கொல்லப்பட்டான். அவன் தலை பிளிமத்துக்குக் கொண்டுவரப்பட்ட நாளும் ஒரு நன்றி நாளே. அத்தலை கழியில் ஏற்றப்பட்டுப் பல ஆண்டுகள் அவ்வூரில் நின்றது. 1970 ஆம் ஆண்டு முதல் அப்பழங்குடிகளின் வழித்தோன்றல்கள் இத்திருநாளன்று பிளிமத்திற் கூடித் துக்கநாள் கொண்டாடுவது வியப்பாகுமோ?

இவ்வாறாயின் கிறிஸ்தவர் இந்நாளைக் கைவிடுதலே தகுதி என்பர் ஒரு சாரார். நாம் அங்ஙனம் கருதவில்லை. குறை நன்றியில் இல்லை, அறியாமையில் உள்ளது. திருக்குறளின் 11 ஆம் அதிகாரம் செய்ந்நன்றியறிதல் எனப் பெயர் பெற்றது. நன்றி என்பது அங்கே பிறர் செய்த நன்மை. அதனை அறிதலும் மறவாமையுமே கடன். வாயாற் கூறுதலைப் பற்றி அவ்வதிகாரம் முழுவதிலும் ஒரு சொல் இல்லை. அறியாது கூறும் நன்றி, ஆலயத்தில் நின்று தான் பிறரைப் போலல்லாததற்காகக் கடவுளைத் துதித்த பரிசேயனுடைய நன்றியாய் முடியும். அவனும் நன்றியே கூறினான். நீதிமானாக வீடு திரும்பியவன் வேறொருவன். உபாகமம் 26 ஆம் அதிகாரத்தில் முதற்பலன் கொணரும் இஸ்ரவேலனுக்கு விதிக்கப்பட்டதும் இதுவே: தன் முன்னோர் அலைந்து திரிந்ததையும் அடிமைப்பட்டதையும் அவன் வாய்திறந்து சொல்லவேண்டும், பின்னர் தன்னிடையே வாழும் பரதேசியோடு கூடி மகிழவேண்டும்.

1863 இல் ஆபிரகாம் லிங்கன் நாடெங்கும் இந்நாளைக் கொண்டாடுமாறு அறிக்கை விடுத்தபோது உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. துதியோடு, நாட்டின் முறைகேட்டிற்காக மனம் வருந்துதலையும், விதவைகளையும் அநாதைகளையும் கடவுளிடம் ஒப்புவித்தலையும் அவ்வறிக்கை சேர்த்தே கேட்டது. இப்பகுதி இக்காலத்துப் பந்திகளில் நினைக்கப்படுவது அரிது.

அயல்நாட்டு வழக்கு நமக்கென்ன என்று தள்ளவும் இயலாது. அந்த நியூ இங்கிலாந்துச் சபையார் 1810 இல் நிறுவிய மிஷன் சங்கத்தின் தொண்டரே 1816 இல் யாழ்ப்பாணத்திலும் 1834 இல் மதுரையிலும் பணி தொடங்கினர். அவர் சபைகளில் இருந்த நிறை நம் சபைகளிலும் உண்டு, குறையும் உண்டு. நம் அறுப்பின் பண்டிகையை நோக்குவோம். நெற்கதிரும் வாழைக்குலையும் தேங்காயும் கோழியும் பலிபீடத்தின்முன் குவிகின்றன. ஏலம் கூறுங்கால் கொடுத்தவர் பெயரும் எடுத்தவர் பெயரும் உரக்க ஒலிக்கின்றன. அக்கதிரை நட்டு, களை பறித்து, அறுத்துக் கட்டிய கைகளுக்கு உரியாரோ பெரும்பாலும் ஆலயத்தின் பின்வரிசையிலோ மதிற்புறத்திலோ நிற்கின்றனர். அசனத்தில் அவர்க்கு இலை விழுவது கடைசிப் பந்தியில்.

வரும் ஆண்டு நம் ஊர்ச் சபைகளில், ஏலம் தொடங்குமுன் அறுத்தவர் பெயர்களைக் குருவானவர் வாசிக்கட்டும். முதற்பந்தியில் அவரை இருத்தி, நிலமுடையார் பரிமாறட்டும். விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவராகிய நாம் இதனைச் சபைப் பெரியோரிடம் பணிவோடு கேட்கலாம். மறுப்பாராயின், இலையெடுக்கும் வேலையை நாமே முதலில் ஏற்றுக்கொண்டு மறுபடியும் கேட்கலாம்.