காலைக் கடிக்கும் பூட்ஸ்

சென்ற ஆவணியில் திருப்பாதிரிப்புலியூர்க் கடைவீதியில் ஒரு ஜோடி தோல் பூட்ஸ் வாங்கினோம். வாங்கியது காலை 10 மணிக்கு. பிசகு அங்கேதான். பகலெல்லாம் நின்றும் நடந்தும் மாலையில் பாதம் சற்று வீங்குமாதலால், பாதரட்சையை மாலையில் வாங்குவதே உத்தமம். பலருக்கு ஒரு பாதம் மற்றதைவிடச் சிறிது பெரிது. ஆகவே இரண்டு காலிலும் போட்டுப் பார்க்கவேண்டும். பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் போதிக்கும் நமக்கு, கடையில் இவை ஒன்றும் ஞாபகம் வரவில்லை.

மறுநாள் சிதம்பரம் பிரயாணம். ரயிலை விட்டிறங்கிக் கீழ வீதியை அடைவதற்குள் குதிகால் இரண்டும் கொப்புளித்துவிட்டன. கோபுர வாசலில் பூட்ஸைக் கழற்றியபோது உண்டான ஆனந்தத்தில் பக்தி எவ்வளவு, குதிகால் எவ்வளவு என்று நாம் ஆராயவில்லை.

வீடு திரும்பியதும் பூட்ஸுக்குச் சிகிச்சை தொடங்கினோம். தோலின் நார்கள் ஈரத்தில் இளகும். அந்நிலையில் எந்த உருவில் நிறுத்தி உலர்த்துகிறோமோ, பெரும்பாலும் அவ்வுருவிலேயே நின்றுவிடும். ஆகவே இரவில் பழைய பத்திரிகைத் தாளை லேசாக நனைத்து (இந்த இதழை அல்ல!) பூட்ஸின் முன்பக்கத்தில் கெட்டியாகத் திணித்து நிழலில் வைத்தோம். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் தோல் வெடிக்கும். உலர்ந்தபின், குதிகால் உராயும் இடத்தில் விளக்கெண்ணெய் சிறிது தடவி, கனத்த காலுறை இரண்டு அணிந்து, கூடத்திலேயே கால்மணி நேரம் உலாவினோம். ஐந்தாறு தினங்களில் அகலம் சரியாயிற்று. நீளம் மட்டும் இவ்வித்தைக்கு இணங்காது. விரல் நுனி இடித்தால் கடையில் மாற்றிக்கொள்வதே வழி. ரெக்ஸின் பூட்ஸும் அப்படியே, இளகிக்கொடாது.

நாம் உலாவுவதைக் கண்டு நகைத்த நம் தமையனார், தமது பூட்ஸ் எவ்வளவு இறுக்கமாயினும் கடிப்பதேயில்லை என்று பெருமை பேசினார். அவருக்குப் பல வருஷங்களாக நீரிழிவு. நமக்குச் சந்தேகம் தட்டிற்று. காலுறையைக் கழற்றச் சொன்னோம். சுண்டுவிரலருகே புண், இரத்தம் துணியில் ஒட்டிக் காய்ந்திருந்தது. வலியே தெரியவில்லை என்றார்.

நீடித்த நீரிழிவில் பாதத்து நரம்புகள் உணர்ச்சி குன்றிப் போகும். புண் ஆறுவதும் தாமதம். கவனியாது விட்டால் விரலையோ காலையோ எடுக்கும்படி முற்றிவிடக்கூடும். வீட்டில் நீரிழிவுக்காரர் உள்ள நேயர்கள், மேலே சொன்ன வித்தைகளை அவர்கள் பூட்ஸில் பரீட்சிக்க வேண்டாம். இறுகியதை விலக்கி, விரல்கள் தாராளமாக இருக்கக்கூடிய மிருதுவான பாதரட்சை வாங்கிக் கொடுங்கள். அணியுமுன் உள்ளே கையை விட்டுக் கல்லோ ஆணியோ உண்டா என்று தடவிப் பாருங்கள்.

தமையனாரை அன்றே வைத்தியரிடம் அழைத்துச் சென்றோம். புண் ஆற ஏழு வாரங்கள் ஆயின. இப்போது தினமும் இரவில் அண்ணியார் விளக்கடியில் அவர் பாதங்களைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். உள்ளங்காலில் விரல் படுவது தெரிகிறதா என்று கேட்டால், தமையனார் இன்னமும் இல்லையென்றுதான் சொல்லுகிறார்.