கொடை வாங்கிய வாய் விலை கேட்குமா?

நோயுற்றாரைச் சூழ்ந்து நிற்பார் இருவகையர். நோயைத் தீர்க்க நிற்பார் ஒருவகை. அந்நோயைக் காட்டிப் பொருளீட்ட நிற்பார் மற்றொருவகை. இவ்விரு சாராரிடையே நோயர்தம் குரலாய் எழ வேண்டியவை நோயர்நல அமைப்புகள். அவை எழுகின்றனவா, விலைபோகின்றனவா என்பதே நம் வினா.

எழுந்த அமைப்பு என்ன செய்யும் என்பதற்குச் சென்னையிலேயே சான்றுண்டு. குருதிப் புற்றுநோய் ஒன்றனுக்குரிய கிளீவெக்கு மருந்துக்கு, சுவிட்சர்லாந்தின் நோவார்ட்டிசுக் குழுமம் 1998-இல் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் உரிமை கேட்டது. கேட்டதோ புதுப்பொருளுக்கன்று; முன்பே அறியப்பட்ட பொருளின் பளிங்கு வடிவம் ஒன்றனுக்கு! அக்குழுமத்தின் மருந்து, அந்நாளில் திங்களுக்கு ஏறத்தாழ 1,20,000 உருபாவாக இருந்தது. இந்தியக் குழுமங்கள் செய்த அதே மருந்தோ 8,000 முதல் 10,000 உருபாவாக இருந்தது. நாள்தோறும் உண்ண வேண்டிய மருந்துக்கு இவ்விலையெனின், அதனை மருந்தென்பதா, உயிர்க்கு இட்ட வரியென்பதா?

மும்பைப் புற்றுநோயர் உதவிக் கழகம் எதிர்த்து நின்றது. இந்திய மருந்துக் குழுமங்கள் சிலவும் எதிர்த்தன. எனின், அவை எதிர்த்தது தம் வணிகத்தின் பொருட்டு. கழகம் எதிர்த்தது நோயர் பொருட்டு. அறிந்த பொருளின் புதுவடிவம் நோய்தீர்க்கும் ஆற்றலில் மிகாவிடின் அதற்கு உரிமையில்லை என 2005-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் கூறிற்று. அதன்படி 2006 சனவரியில் உரிமை மறுக்கப்பட்டது. அச்சட்டப் பிரிவையே வீழ்த்தக் குழுமம் தொடுத்த வழக்கைச் சென்னை உயர்நயன்மன்றம் 2007-இல் தள்ளியது. 2013 ஏப்பிரல் 1-ஆம் நாள் உச்சநயன்மன்றமும் அதன் முறையீட்டைத் தள்ளியது.

நோயர் பலர்க்கு இலவயமாகவே தருகின்றோம் என்றது குழுமம். தந்தது மெய்யே. ஆயினும், கொடை என்பது கொடுப்பான் விருப்பில் நிற்பது. நயவிலையோ நோயரின் உரிமையில் நிற்பது. உரிமையைப் பறித்துக்கொண்டு கொடை தருவது அறமாகுமோ?

இனி, மறுபுறம் காண்க. அமெரிக்காவின் பெரிய நோயர் அமைப்புகள் 104-ஐ ஆராய்ந்து 2017-இல் வெளியிட்ட ஆய்வொன்று, அவற்றுள் குறைந்தது 83 விழுக்காடு, மருந்து, மருத்துவக்கருவி முதலிய குழுமங்களிடம் பணம் பெற்றமையைக் காட்டிற்று. பணம் பெற்றார் எல்லாரும் பழுதுற்றார் என்பது நம் கூற்றன்று. ஆனால், படியளப்பவனைப் பார்த்து, 'உன் விலை கொடிது' என்று எத்துணைப் பேர் சொல்வர்? புதுமருந்துக்கு விரைந்து இசைவு தருக என அரசிடம் முழங்கும் வாய், விலையைப் பற்றிப் பேசுங்கால் மட்டும் அடைத்துக்கொள்ளுமாயின், அது நோயரின் வாயா, வணிகனின் வாயா?

'பணமின்றி அமைப்பு எங்ஙனம் நடக்கும்?' என்பர். மக்களிடம் கேளுங்கள், சிறுகச் சிறுகத் தருவர். பிறரிடம் பெற்றதாயின், எவரிடம் எவ்வளவு பெற்றீர் என்பதை ஆண்டுதோறும் வெளிப்படையாய் அறிவியுங்கள். அதற்கும் அஞ்சும் அமைப்பு, நோயர் பெயரைச் சொல்லும் தகுதியை இழந்தது.

நோயர் இரவலர் அல்லர், உரிமையுடையார். அவர்தம் குரல் விற்பனைக்கன்று!