கடாரம் கொண்டவனும் கரையில் நின்றவரும்

வரலாற்றுப் புதினம் என்றதும் தமிழ் வாசகர் நெஞ்சில் முதலில் எழுவது ‘பொன்னியின் செல்வன்’. 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வெளிவந்த அப்புதினம், 2022, 2023 ஆண்டுகளில் இரு பாகத் திரைப்படமாகவும் வந்து, சிங்கப்பூரின் இளைய தலைமுறைக்கும் சோழர் பெயரை அறிமுகம் செய்தது. மகிழத்தக்க செய்தியே. ஆயினும், சோழர் கதையைத் தமிழர் படிக்கின்றனரா என்பதை விட, எந்தக் கண்கொண்டு படிக்கின்றனர் என்பதே இன்று எழுப்பப்பட வேண்டிய வினா.

கல்கியின் பெருமை எதில் உள்ளது? வாட்போர் வருணனையில் அன்று. அரண்மனைக்குள் அவர் நாட்டிய தராசில் உள்ளது. காயம்பட்டுக் கிடந்த வீரபாண்டியனை, நந்தினி மன்றாடியும் கேளாது ஆதித்த கரிகாலன் கொல்கிறான். அந்த ஒரு செயல் அவனை இறுதிவரை உறங்கவிடவில்லை. பழிவாங்க வந்த நந்தினியை முற்றும் வெறுக்கவும் வாசகரால் இயலவில்லை. அருள்மொழியோ கைக்கெட்டிய மணிமுடியைப் பிறர்க்கு ஈகின்றான். அதிகாரம் மனிதனை என்ன செய்யும் என்னும் கேள்வியை அப்புதினம் பக்கந்தோறும் எழுப்புகிறது.

அத்தராசு, நாகைத் துறைமுகத்தில் மரக்கலம் ஏறியதும் கைநழுவி விடுகிறதே, அஃது ஏன்? சாண்டில்யனின் ‘கடல் புறா’ கடாரத்தையும் ஸ்ரீவிஜயத்தையும் களமாகக் கொண்ட கதை. விறுவிறுப்பில் அதற்கு இணை சில நூல்களே. ஆனால் அங்கே வீரம் முழுவதும் வந்தவனுக்கு; இந்நாட்டு மகளிர் காஞ்சனாதேவியும் மஞ்சளழகியும் அவன்மீது காதல் கொள்வதற்கு. இராசேந்திரன் காலத்தைக் களமாகக் கொண்டு அகிலன் படைத்த ‘வேங்கையின் மைந்தன்’ சாகித்திய அகாதெமி பரிசு பெற்ற படைப்பு. அதன் உயிரும் வென்றவனின் பெருமிதமே. உறவினர்க்கிடையே சிந்தும் குருதிக்கு நியாயம் கேட்கும் தமிழ்ப் புதினம், கடலுக்கு அப்பால் சிந்தும் குருதியை வெற்றிக் கணக்கில் வரவு வைத்துவிடுகிறது.

உண்மை வரலாறோ புதினத்தினும் சிக்கலானது. ஸ்ரீவிஜய வேந்தன் மாறவிஜயோத்துங்கவர்மன் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் எழுப்பினான். சைவப் பற்று மிக்க முதலாம் இராசராசன் அப்பௌத்தப் பள்ளிக்கு ஆனைமங்கலம் என்னும் ஊரையே கொடையாக அளித்தான். தந்தையின் கொடையைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தவன் மகன் இராசேந்திரன். அதே இராசேந்திரனின் கடற்படைதான் 1025ஆம் ஆண்டளவில் ஸ்ரீவிஜயத்தின் துறைமுகங்களைத் தாக்கியது. பண்ணை, மலையூர், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், கடாரம் என வீழ்ந்த ஊர்களை அவன் மெய்க்கீர்த்தி வரிசையாக அடுக்குகிறது. வேந்தன் சங்கிராம விஜயோத்துங்கவர்மன் சிறைப்பட்டான்; அவன் குவித்திருந்த செல்வமும் வித்தியாதர தோரணமும் சோழர் கைக்கு வந்தன. பின்னர் 1090இல் முதலாம் குலோத்துங்கன் அதே விகாரத்தின் உரிமைகளை மீண்டும் உறுதிசெய்தான். நட்பு, தாக்குதல், மீண்டும் நட்பு! சீன வாணிகத்தின் கடல்வழிக்காக எழுந்த போர் என்பர் வரலாற்றறிஞர் பலர். கொடை தந்த கையே கொள்ளையிட்டது எவ்வாறு என்று ஒரு புதினமேனும் கேட்டதுண்டா?

வென்றவர் கேளாத கேள்விக்கு மலாயர் தம் வழியில் விடை சொல்லிவிட்டனர். ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்றுக் காவியத்தில், ஏடுகளுக்கேற்ப இராஜா சூலான் என்றும் இராஜா சூரான் என்றும் பெயர் பெறும் கலிங்க மன்னன் பெரும்படையோடு வருகிறான். சோழர் படையெடுப்பின் நினைவே இக்கதை எனப் பலர் கருதுவர். வழியில் நாடுகளை அழித்தவன், சீனத்தை வெல்ல எண்ணித் தெமாசெக்கில், அதாவது இன்றைய சிங்கப்பூரில், தங்குகிறான். சீன வேந்தனோ பல்லுதிர்ந்த கிழவரையும், துருவேறிய ஊசிகளையும், கனிதரும் மரங்களையும் ஒரு கப்பலில் ஏற்றி அனுப்புகிறான். புறப்பட்டபோது தாங்கள் சிறுவர் என்றும், ஊசிகள் தடித்த இரும்புக் கோல்கள் என்றும், மரங்கள் வெறும் விதைகள் என்றும் கிழவர் கூற, சீனம் எட்டாத் தொலைவு என்று நம்பிய மன்னன் படையைத் திருப்பிக்கொள்கிறான். வெற்றி வேந்தனை இத்தீவில் நிறுத்தி நகைக்கிறது அக்காவியம். அதே வேளையில், சிங்கப்பூரை நிறுவிய ஸ்ரீ திரி புவனாவை அவன் வழித்தோன்றல் என்றும் போற்றுகிறது. படையெடுத்தவனே பாட்டனும் ஆகிறான்! இத்தகைய இருமுகப் பார்வை தமிழ்ப் புதினத்திற்கு ஏன் வாய்க்கவில்லை?

“சிறுபான்மை இனத்திற்குப் பெருமிதம் வேண்டும், சோழன் புகழைக் குறைப்பது இனத்தைக் குறைப்பதாகும்” என்பார் உளர். அயலான் துயரைக் காணாதிருந்தால்தான் நிற்கும் பெருமிதம் ஊன்றுகோலன்று, உளுத்த கோல். மேலும், இந்நாட்டுத் தமிழரின் முன்னோர் யாவர்? 1819இல் ராபிள்ஸுடன் வந்த நாராயண பிள்ளை போன்ற வணிகர் சிலர். 1825 முதல் சங்கிலியோடு கொணரப்பட்டுச் சாலை அமைத்த கைதிகள். துறைமுகத்தில் சுமை தூக்கியவர். சிராங்கூன் வட்டாரத்தில் மாட்டுத்தொழுவம் வைத்துப் பிழைத்தவர். இவர்கள் சோழன் மரக்கலத்தில் இருந்திருப்பின் முகப்பில் நின்றிருக்கமாட்டார், துடுப்பு வலித்திருப்பர். அத்துடுப்பு வலித்தோர் பெயரை எந்த மெய்க்கீர்த்தி பொறித்தது? மன்னன் புகழைத் தன் புகழாக எண்ணி மயங்கும் உழைப்பாளியின் பேரன், தன் பாட்டனை இரண்டாம் முறை மறக்கின்றான்.

தமிழாசிரியர்க்கு இங்கே ஒரு கடமை உண்டு. சோழர் கதையை வகுப்பில் விலக்க வேண்டா. முழுமையாகக் கற்பிக்க வேண்டும். மெய்க்கீர்த்தியைக் கற்பிக்கும் நாளிலேயே ஆனைமங்கலச் செப்பேட்டையும் தெமாசெக் கிழவர் கதையையும் மாணாக்கர் முன் வைக்கலாம். சோழர் கலங்கள் தோன்றிய காலையில் கடாரத்துக் கரையில் நின்ற மீனவப் பெண் என்ன கண்டிருப்பாள் என ஒரு பக்கம் எழுதச் சொல்லலாம். பக்கத்து இருக்கையில் மலாய்த் தோழன் அமர்ந்திருக்கும் மாணவனுக்கு இவ்வினா ஏட்டுக் கல்வியன்று, வாழ்க்கைக் கல்வி.

கடலின் அக்கரையில் இருந்து எழுதியோர் வெற்றியை எழுதினர். தாக்கப்பட்ட கரைகளின் அருகே வாழும் எழுத்தாளரே எஞ்சிய பாதியை எழுதவல்லார். அப்புதினம் சிங்கப்பூரில் பிறக்கும் நாளில், கல்கி அரண்மனைக்குள் நாட்டிய தராசு கடலையும் கடந்துவிடும்.