குரோசோன் சாப்பிடலாமா, டொக்டர்?



சென்ற மாதம் ஒரு சனிக்கிழமை, தமிழ்ப் பாடசாலை வாசலில் ஒரு தாயார் எம்மை மறித்தார். "டொக்டர், பெடியன் லீவு நாளில காலமை பிட்டையும் தொடுறானில்லை, இடியப்பத்தையும் தொடுறானில்லை. கடையில விக்கிற சீஸ் வைச்ச குரோசோன்தான் வேணுமாம். எங்கட குடும்பத்தில சலரோகம் இருக்கு. மறிக்கிறதோ, விடுறதோ?"

"மறிக்கவும் வேண்டாம், கடையில வாங்கிக் குடுக்கவும் வேண்டாம். வீட்டில அவனைக் கொண்டே செய்விக்கப் பாருங்கோ" என்றோம். அவர் சிரித்தார். நாம் பகிடிக்குச் சொல்லவில்லை. ஏன் அப்படிச் சொன்னோம் என்பதை இங்கே விளக்க விரும்புகிறோம்.

முதலில் எமது கதை. நாம் அகதியாக லண்டன் வந்த புதிதில், கையில் மருத்துவப் பட்டம் இருந்தும் இங்கே வைத்தியம் செய்ய அனுமதி இருக்கவில்லை. பரீட்சைக்குப் படித்தபடி ஒரு வெதுப்பகத்தில் இரவுவேலை செய்தோம். விடியற்காலையில் விற்காமல் மிஞ்சிய குரோசோன்கள்தான் எமது சாப்பாடு. பசிக்கு இரண்டு, மூன்று. வைத்தியராகிய பின்பும் அந்தப் பழக்கம் போகவில்லை. காருக்குள், கோப்பியோடு, யாருக்கும் தெரியாமல். நாற்பத்தைந்து வயதில் இரத்தப் பரிசோதனையில் எமது எச்பிஏ1சி 44 என்று வந்தது. 42 முதல் 47 வரை என்றால் சலரோகத்தின் வாசற்படி. நோயாளருக்குப் புத்திமதி சொன்ன நாமே அந்தப் படியில் நின்றோம்.

குரோசோனைப் பற்றிச் சிறிது சொல்லவேண்டும். அது பிரெஞ்சுப் பண்டம் என்றே எண்ணுகிறோம். ஆனால் அதன் மூலம் வியன்னாவின் பிறைவடிவப் பணிஸ். 1830களின் இறுதியில் ஆகுஸ்ட் சாங் என்ற ஒஸ்திரியர் பாரிசில் திறந்த வெதுப்பகம் அதை அங்கே பிரபலமாக்கியது. பட்டரை மாவில் மடித்து மடித்துப் படையாக்கும் முறை பின்னர் பிரான்சில் சேர்ந்தது. ஆக, அதுவும் ஊர்விட்டு வந்து உருமாறிய உணவுதான். அதனோடு எமக்குக் கோபம் இல்லை.

கணக்கை மட்டும் பார்ப்போம். நடுத்தர அளவான ஒரு குரோசோன் ஏறத்தாழ 55 கிராம். அதில் சுமார் 230 கலோரி, 13 கிராம் கொழுப்பு. அந்தக் கொழுப்பில் 8 கிராம் வரை நிறைவுற்ற கொழுப்பு. ஒரு பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 20 கிராமும் ஆணுக்கு 30 கிராமும் தாண்டக்கூடாது என்பது பிரித்தானிய சுகாதாரத் துறையின் அறிவுரை. இதற்குமேல் பட்டரும் ஜாமும் பூசுகிறோம். படை படையாகப் பட்டர் உள்ள பணிசுக்கு இன்னும் பட்டர் எதற்கு?

இனிப்பும் உறைப்புமாக வீட்டில் செய்யும் முறை இது. இரண்டு பேருக்கு ஒரு குரோசோன் போதும். பக்கவாட்டில் வெட்டி, 160 பாகை சூட்டில் நாலைந்து நிமிடம் அவணில் வையுங்கள். மைக்ரோவேவ் வேண்டாம், சவண்டுபோகும். உள்ளே அரைத் தேக்கரண்டி கடுகுப் பசை பூசுங்கள். 20 கிராம் செடார் சீஸை மெல்லியதாக வெட்டி வையுங்கள். அதன்மேல் தோல் சீவாத கால் அப்பிள் அல்லது பேரிக்காய்த் துண்டுகள், ஒரு கைப்பிடி இளம் பசளிக்கீரை, கொஞ்சம் மிளகுத்தூள். நம்மவர் நாக்குக்கு ஒரு பச்சைமிளகாயும் அரிந்து போடலாம். இனிப்பு பழத்திலிருந்தே வரும், தேனும் ஜாமும் தேவையில்லை. உப்பு சீஸிலேயே இருக்கிறது. சீஸ் பிடிக்காதவர்கள் அவித்த முட்டை வைக்கலாம். இரண்டையும் சேர்த்து வைக்கவேண்டாம்.

முழுவதும் ஏறத்தாழ 340 கலோரி, பாதி 170. பக்கத்தில் தக்காளி, வெள்ளரிக்காய், கரட் என்று அரைக் கோப்பை நிறைய வையுங்கள். வயிறு நிரம்பும்.

"வீட்டில் செய்தால் நல்லது" என்று சிலர் நினைப்பார்கள். அப்படியல்ல. வீட்டில் செய்தாலும் குரோசோன் குரோசோன்தான். கிழமைக்கு ஒருநாள் போதும். பிட்டுக்கும் இடியப்பத்துக்கும் மேலதிகமாக அல்ல, அவற்றுக்குப் பதிலாக. வீட்டில் செய்வதன் பயன் வேறு. எவ்வளவு சீஸ், எவ்வளவு கீரை என்பதைப் பிள்ளை தன் கையால் அளக்கிறான். பாதியைத் தங்கைக்குக் கொடுக்கிறான். மறிக்கப்பட்ட பிள்ளை ஒளித்துத் தின்னப் பழகும். ஒளித்துத் தின்பவனுக்கு அளவு தெரியாது. நாம் காருக்குள் கற்ற பாடம் அது.

இன்னொன்றும் சொல்லாமல் விடமுடியாது. குரோசோனைக் குற்றம் சொல்லும் நாமே ஒன்றுகூடல்களில் ரோல்சும் வடையும் பற்றிசும் தட்டுத் தட்டாக அடுக்குகிறோம். பிறகு சோறு, பிறகு கேக். பிள்ளைகள் எமது வாயைப் பார்ப்பதில்லை, எமது தட்டைப் பார்க்கிறார்கள்.

தெற்காசியருக்கு இந்நாட்டு வெள்ளையரைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு சலரோக ஆபத்து உண்டு. அதனால்தான் எமக்கு உடற்திணிவுச் சுட்டெண் 23 ஆனதுமே கவனம் தேவை, 27.5 ஆனால் ஆபத்து அதிகம். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றரும் பெண்களுக்கு 80 சென்ரிமீற்றரும் தாண்டக்கூடாது. குடும்பத்தில் சலரோகம் உள்ளவர்கள் 25 வயதிலிருந்தே குடும்ப வைத்தியரிடம் பரிசோதனை பற்றிக் கேளுங்கள். ஏற்கெனவே இன்சுலின் எடுப்பவர்கள் உணவை மாற்றுமுன் தங்கள் வைத்தியருடன் கதையுங்கள்.

எமது எச்பிஏ1சி இப்போது 39. குரோசோனை விடவில்லை. காரை விட்டிறங்கிக் குசினி மேசைக்கு வந்தோம், பாதியை மகளுக்குக் கொடுத்தோம், மாலையில் நடந்தோம். வரும் ஞாயிறு நீங்களும் பிள்ளைகளோடு மேசையில் இருந்து செய்து பாருங்கள்.