டேப்லெட்டா, லேப்டாப்பா? இசை பழகும் பிள்ளைக்கு எதை வாங்குவது?

"அப்பா, ஒரு ஐபேட் வாங்கித் தாங்கப்பா. பாட்டு போடணும்."

"பாட்டு கேக்கத்தான் போன் இருக்கேம்மா?"

"கேக்க இல்லப்பா... போட!"

திருமழிசையில் ஒரு வீட்டில் இந்தப் பேச்சு நடப்பதாக வைத்துக்கொள்வோம். அப்பாவுக்கு சிட்கோ தொழிற்பேட்டையில் வேலை. மகள் பிளஸ் ஒன். கீபோர்டு கொஞ்சம் தெரியும், நன்றாகப் பாடுவாள். சீட்டுப் பணம் 40,000 ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. "அடுத்த வருஷ ஃபீஸுக்கு வெச்ச காசாச்சே" என்று அம்மாவுக்குக் கவலை. தப்பான பொருளை வாங்கினால் காசும் போகும், பிள்ளையின் ஆசையும் அடங்கிவிடும்.

திருமழிசைக்குத் தாளக் கணக்கு புதிதில்லை. இங்கே அவதரித்த ஆழ்வார் பாடிய 120 பாசுரங்களின் பெயரிலேயே சந்தம் இருக்கிறது, திருச்சந்த விருத்தம். இன்று அந்தத் தாளத்தைப் போட நினைக்கும் பிள்ளைக்கு எது தேவை?

என்ன செய்யப் போகிறாள்?

கடைக்குப் போகும் முன்பு இந்தக் கேள்வியைக் கேட்டுவிடுங்கள். மெட்டு, தாளம் போட்டுப் பார்க்க மட்டும் என்றால் டேப்லெட் போதும். பாடிப் பதிவு செய்து வெட்டி ஒட்ட வேண்டுமென்றால் சாதாரண லேப்டாப்பே தாங்கும். குறும்படத்துக்குப் பின்னணி இசை, இருபது முப்பது வாத்தியங்கள், நாளைக்கு இதையே தொழிலாக்குவது என்றெல்லாம் யோசனை இருந்தால் நல்ல லேப்டாப்தான் சரி.

டேப்லெட்டைக் குறைத்து மதிப்பிட வேண்டாம். மகேஷ் ராகவன் ஐபேடில் விரலைத் தேய்த்தே கர்நாடக இசை வாசிக்கிறார். அவர் பயன்படுத்துவது ஜியோஷ்ரெட் என்ற செயலி. சாதாரண கீபோர்டில் ஒரு கட்டையிலிருந்து அடுத்த கட்டைக்குத் தாவத்தான் முடியும். கண்ணாடித் திரையில் விரல் வழுக்கிக்கொண்டே போவதால் கமகம் கிடைக்கிறது. நம் இசைக்கு இது பெரிய வசதி. வெளிநாட்டில் கொரில்லாஸ் குழு 2010-இல் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது ஓர் ஆல்பத்தின் பெரும்பகுதியை ஐபேடிலேயே உருவாக்கியது.

ஐபேடில் கராஜ்பேண்ட் இலவசம். 2023 மே மாதம் லாஜிக் ப்ரோவும் ஐபேடுக்கு வந்தது, ஆனால் சந்தா கட்ட வேண்டும். பழைய ஐபேட் வாங்குவதென்றால் அது லாஜிக்கை ஏற்குமா என்று முதலில் பார்த்துவிடுங்கள். ஆண்ட்ராய்டில் பேண்ட்லேப் இலவசம். எஃப்.எல். ஸ்டூடியோ மொபைல் காசு கொடுத்து வாங்கும் செயலி.

'டக்'குக்கும் 'டிங்'குக்கும் நடுவே

இசைக்கு டேப்லெட் வாங்குகிறவர்கள் கேமரா எத்தனை மெகாபிக்சல் என்று பார்த்துப் பயனில்லை. பார்க்க வேண்டியது தாமதம். விரல் வைத்த நொடிக்கும் சத்தம் காதில் விழும் நொடிக்கும் உள்ள இடைவெளி அது.

ஒலி ஒரு நொடியில் சுமார் 343 மீட்டர் போகும். அப்படியானால் 10 மில்லி செகண்ட் தாமதம் என்பது மூன்றரை மீட்டர் தள்ளி உட்கார்ந்திருக்கும் மிருதங்கக்காரரின் அடியைக் கேட்பது போல. பழகிக்கொள்ளலாம். 100 மில்லி செகண்ட் என்றால் அவர் 34 மீட்டர் தள்ளி, தெருக்கோடியில் இருக்கிறார் என்று அர்த்தம். தாளம் சேரவே சேராது.

ஐபேடுகளில் இந்தத் தாமதம் பொதுவாகக் குறைவு. ஆண்ட்ராய்டில் மாடலுக்கு மாடல் மாறும். கடையிலேயே சோதிக்க வழி இருக்கிறது. ஒரு பியானோ செயலியைத் திறந்து, வயர் வைத்த ஹெட்போனைச் செருகி, ஒரு கட்டையை வேகமாகத் தட்டுங்கள். கண்ணாடியில் விரல் படும் 'டக்', ஹெட்போனில் வரும் 'டிங்' இரண்டும் ஒன்றாகக் கேட்டால் நல்லது. தனித்தனியாகக் கேட்டால் கடைக்காரர் எவ்வளவு தள்ளுபடி சொன்னாலும் வேண்டாம்.

புளூடூத் ஹெட்போனில் இந்தச் சோதனையைச் செய்யாதீர்கள். அதிலேயே நூறு, இருநூறு மில்லி செகண்ட் போய்விடும். புதிய ஐபேடுகளில் ஹெட்போன் துளை கிடையாது என்பதால் யு.எஸ்.பி.-சி அடாப்டர் ஒன்றும் கையில் இருக்கட்டும்.

லேப்டாப் என்றால்...

8 ஜி.பி. ரேம் குறைந்தபட்சம், 16 இருந்தால் நிம்மதி. எஸ்.எஸ்.டி. கட்டாயம். இடம் எவ்வளவு வேண்டும்? நல்ல தரத்தில் (24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ்) ஒரு டிராக் ஒரு நிமிடத்துக்கு 8.64 எம்.பி. நாலு நிமிடப் பாட்டில் இருபது டிராக் என்றால் கிட்டத்தட்ட 700 எம்.பி. ஒரே பாட்டுக்கு!

விண்டோஸ் லேப்டாப்பில் தாமதம் அதிகமாக இருந்தால் ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவர் உதவும். மென்பொருளில் 'பஃபர்' அளவைப் பாருங்கள். அது 1024 என்றால் அதற்கு மட்டுமே சுமார் 23 மில்லி செகண்ட், 256 என்றால் 6-க்குள். பதிவு செய்யும்போது குறையுங்கள், மிக்ஸிங்கின்போது கூட்டிக்கொள்ளுங்கள்.

லாஜிக் ப்ரோ ஆப்பிள் கருவிகளில் மட்டுமே ஓடும். விண்டோஸுக்கு ரீப்பர் இருக்கிறது. லேசானது, 60 நாள் முழுதாகப் பயன்படுத்திப் பார்த்துவிட்டு வாங்கலாம். எஃப்.எல். ஸ்டூடியோவை ஒருமுறை வாங்கினால் பிறகு வரும் மேம்பாடுகளுக்குக் காசில்லை. ஆனால் அதன் இலவசச் சோதனைப் பதிப்பில் சேமித்த வேலையைத் திரும்பத் திறக்க முடியாது. இது தெரியாமல் ஒரு ராத்திரி முழுக்க உழைத்துவிட்டு அழக் கூடாது.

2011-இல் தொடங்கிய அரசின் இலவச லேப்டாப் பல வீடுகளில் அலமாரி மேல் தூங்குகிறது. ஹார்ட் டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்.எஸ்.டி. போட்டால் குரல் பதிவுக்கும் வெட்டி ஒட்டவும் அது மறுபடி எழுந்து உட்காரும். பெரிய வாத்தியத் தொகுப்புகளை மட்டும் தாங்காது. ரிச்சி ஸ்ட்ரீட்டில் பழைய லேப்டாப் வாங்குவதானால் பேட்டரி, யு.எஸ்.பி. துளைகள், ரேமைக் கூட்ட முடியுமா என்று பாருங்கள். ஃபேன் சத்தத்தையும் காது கொடுத்துக் கேளுங்கள். மைக்கில் முதலில் விழுவது அதுதான்.

எல்லாக் காசையும் பெட்டியில் போடாதீர்கள்

கையில் இருப்பதில் கால்பங்கை ஒதுக்கி வையுங்கள். வயர் ஹெட்போன், 25 கட்டை மிடி கீபோர்டு, ஒரு மைக், எல்லாம் அதில் வர வேண்டும். கண்டன்சர் மைக் என்றால் 48 வோல்ட் மின்சாரம் தர ஓர் ஆடியோ இன்டர்ஃபேஸும் தேவை. ஆரம்பத்துக்கு யு.எஸ்.பி. மைக்கே போதும்.

பெங்களூரு நெடுஞ்சாலை ஓரத்து வீடு என்றால் லாரி ஹாரனும் பாட்டில் சேரும். ராத்திரி பத்து மணிக்கு மேல், துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து அதன் எதிரே நின்று பாடிப் பாருங்கள். துணி எதிரொலியைக் குடித்துவிடும். செலவில்லாத ஸ்டூடியோ!

ஸ்டூடியோ என்றதும் பலருக்கு நினைவு வருவது கோடம்பாக்கத்தில் வீட்டை ஒட்டி ஏ.ஆர்.ரஹ்மான் அமைத்த பஞ்சதன். 'ரோஜா' வந்த 1992-இல் அந்த அளவு வசதிக்கு ஓர் அறை நிறையக் கருவிகள் வேண்டியிருந்தன. இன்று அதில் பாதி வேலையை மடியில் வைத்துச் செய்யலாம். அவர் 2008-இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரியில் லாஜிக் கற்றுத்தர மேக் லேப் அமைக்கப்போவதாக 2017-இல் அறிவிப்பு வந்தது. கருவி கிடைத்தாலும் கற்றுக்கொள்வது தனி வேலை என்பதற்கு இதுவே சாட்சி.

அந்த 40,000 ரூபாய்?

கல்லூரிக்கும் அந்தப் பிள்ளைக்குக் கணினி வேண்டும். ஐபேட் வாங்கினால் பிறகு இன்னொரு செலவு. அதனால் இந்த வீட்டுக்கு 16 ஜி.பி. ரேம் உள்ள, நல்ல நிலையில் இருக்கும் பழைய லேப்டாப்தான் பொருந்தும். வீட்டில் ஏற்கெனவே ஒரு கணினி இருந்து, பிள்ளைக்கு வாய்ப்பாட்டும் வீணையும் தெரிந்திருந்தால் ஐபேட் பொருந்தலாம்.

ஆனால் இன்றைக்கே கடைக்கு ஓட வேண்டாம். மூன்று மாதம் போகட்டும்.

"அம்மா போன்ல அந்த பேண்ட்லேப்பைப் போட்டுக்கோம்மா. மூணு பாட்டு, பாதியில விடாம முடி. அப்புறம் நாம ரெண்டு பேரும் ரிச்சி ஸ்ட்ரீட் போவோம்."

"மூணு முடிச்சா நிச்சயம் வாங்கித் தருவீங்களாப்பா?"

"முதல் பாட்டை எனக்குப் போட்டுக் காட்டு. ஹெட்போன்ல கேக்கறேன்."