கதையின் நீதியும் கதையின் கணக்கும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் சிறுகதை மேதைகளைப் போற்றாத விமர்சகர் எவருமிலர். கொகோல், மாப்பஸான், செக்கோவ் என்னும் பெயர்களைக் கேட்டதும் அவர்கள் கைகூப்புகின்றனர். ‘இவை காலத்தைக் கடந்தவை, வர்க்கத்தைக் கடந்தவை, என்றுமுள்ள மனித இயல்பைக் கூறுபவை’ என்பது அவர்களது முடிந்த முடிபு. இந்தப் பூசையின் மறைவில் ஒரு மோசடி நடைபெறுகின்றது என்பதே எமது குற்றச்சாட்டு. கதையின் இறுதியில் ஒரு வரி நீதியை ஒட்டிவிட்டு, கதைக்குள் ஆசிரியன் எழுதிவைத்த கணக்கை அவர்கள் கிழித்தெறிந்து விடுகின்றனர்.

மாப்பஸான் 1884இல் வெளியிட்ட ‘அட்டிகை’யை எடுத்துக்கொள்வோம். பிரெஞ்சுக் கல்வி அமைச்சில் பணிபுரியும் எழுதுவினைஞன் ஒருவனின் மனைவி மதில்ட். ஒரேயொரு விருந்துக்காகச் செல்வத் தோழியிடம் அட்டிகையை இரவல் வாங்கியவள், அதைத் தொலைத்து விடுகிறாள். தம்பதியர் 36,000 பிராங்கு கொடுத்து அதைப் போன்ற வேறொன்றை வாங்கித் திருப்பிக் கொடுக்கின்றனர். கணவனின் தந்தை விட்டுச்சென்ற 18,000 போக மீதி முழுவதும் கடன். பத்து ஆண்டுகள் அவள் பாத்திரம் தேய்க்கிறாள்; நீர் சுமக்கிறாள். அவன் இரவிரவாகப் பக்கத்துக்கு ஐந்து சூ என்னும் அற்பக் கூலிக்குப் படியெடுக்கிறான். கடனெல்லாம் தீர்ந்த பின்னரே தெரிகின்றது, தொலைந்தது போலி அட்டிகை, கூடினால் 500 பிராங்கு பெறும் என்று.

‘ஆடம்பரம் அழிவைத் தரும்’ என்று இதற்கு நீதி எழுதுகின்றனர். மதில்டிடம் ஆடம்பர ஆசை இல்லையென்று நாம் வாதிடவில்லை. ஆனால், போலி நகை எவ்வாறு உண்மை நகையாயிற்று? செல்வரின் பெட்டிக்குள் இருந்ததனால் அன்றோ! செல்வர் அணிந்தால் கண்ணாடியும் வைரம். அந்த மயக்கத்தின் விலையைக் கொடுப்பவர் எழுதுவினைஞனும் அவன் மனைவியும். 500க்கும் 36,000க்கும் இடையிலுள்ள தூரத்தை மாப்பஸான் அளந்து வைத்தான். நீதி சொல்வோர் அதைக் காணாது, பாத்திரம் தேய்த்த பெண்ணையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகின்றனர்.

ருஷ்யாவிலும் இதே கணக்கைக் காண்கின்றோம். கொகோலின் ‘மேலங்கி’ 1842இல், முதலாம் நிக்கலஸ் மன்னனின் ஆட்சியில் வெளிவந்தது. கதாநாயகன் அக்காக்கி அக்காக்கியெவிச்சும் ஒரு படியெடுப்பவனே. பதினான்கு படிகள் கொண்ட அரச உத்தியோக ஏணியில் ஒன்பதாம் படியில் உறைந்து போனவன். ஆண்டுச் சம்பளம் ஏறத்தாழ 400 ரூபிள். பனியைத் தாங்க ஒரு மேலங்கி தைப்பதற்கு 80 ரூபிள். சம்பளத்தில் ஐந்திலொரு பங்கு. மாலைத் தேநீரை விட்டான். இரவில் மெழுகுதிரி ஏற்றாது விட்டான். காலணி தேயாதிருக்க மெதுவாக அடியெடுத்து வைத்தான். அவ்வாறு பெற்ற அங்கியை முதல்நாள் இரவே கள்வர் பறித்தனர். முறையிடச் சென்றவனை உயர் அதிகாரி அதட்டி விரட்டினான். அவன் காய்ச்சலில் மாண்டான்.

‘எளியோரிடம் இரக்கம் கொள்க’ என்பது இக்கதைக்கு அவர்கள் கூறும் நீதி. கதையோ அங்கு முடியவில்லை. இறந்தவனின் ஆவி நகர வீதிகளில் அங்கிகளைப் பறிக்கின்றது. கடைசியில் அந்த உயர் அதிகாரியின் அங்கியையே உரித்தெடுக்கின்றது. இதனை வெறும் விசித்திரக் கற்பனை என்று ஒதுக்குவோர் ஒன்றை மறக்கின்றனர்: வாழ்வில் மறுக்கப்பட்ட நியாயத்தைச் சாவுக்குப் பின்னரே கேட்க முடிந்த ஒரு சமுதாயத்தின் சித்திரம் அது. இரக்கம் என்பது பிச்சை. கொகோல் தொடுத்தது வழக்கு.

செக்கோவின் ‘தூக்கம்’ (1888) என்ற கதைக்கு என்ன நீதி எழுதுவார்கள்? பதின்மூன்று வயதுச் சிறுமி வார்க்கா, சப்பாத்துத் தைப்பவன் வீட்டில் பகலெல்லாம் ஏவல் செய்கிறாள். இரவெல்லாம் தொட்டில் ஆட்டுகிறாள். உறக்கமின்றி மதி மயங்கியவள், தன்னை உறங்க விடாத பகை அக்குழந்தையே என எண்ணி அதன் கழுத்தை நெரித்துவிட்டு, நிம்மதியாக உறங்குகிறாள். ‘கொலை செய்யாதே’ என்பதா இதன் நீதி?

எம்மவரிடையேயும் ஒரு தவறு உண்டு. கதாநாயகன் கொடி ஏந்தவில்லையெனின் அது முற்போக்கு இலக்கியமன்று எனச் சிலர் தீர்ப்பளிக்கின்றனர். பண்ணையடிமையாய் இருந்து தன் விடுதலையை விலைகொடுத்து வாங்கிய ஒருவனின் பேரன் செக்கோவ். அவன் கோஷம் எதனையும் எழுதவில்லை. அடுப்பை மூட்டு, சப்பாத்தைத் துடை, படிக்கட்டைக் கழுவு என்று ஒரு சிறுமியின் நாளை வரிசைப்படுத்தினான், அதுவே போதுமாயிற்று. கோஷம் தேடுவோரும் நீதி தேடுவோரும் கதையைப் படிக்காமலே முடிவுக்கு வருவதில் ஒத்தவர்களே.

ஆசிரிய நண்பர்களே, மாணவத் தோழர்களே! ‘இக்கதை புகட்டும் நீதி யாது?’ என்ற வினாவைச் சற்று ஒத்திவையுங்கள். யார் எவ்வளவு பெற்றார்? எதற்கு எவ்வளவு கொடுத்தார்? கொடுத்தது யார் கைக்குப் போயிற்று? இவற்றை முதலில் கேளுங்கள். மாதக் கடைசியில் வீட்டில் நடக்கும் கணக்கை வாங்குகளில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் அறிவர். அவர்களிடம் மதில்டின் ஆசையை மட்டும் காட்டி அவளது கடனை மறைப்போமாயின், தம் பெற்றோரின் வறுமைக்குப் பெற்றோரையே குற்றஞ்சாட்டவே நாம் அவர்களைப் பழக்குகின்றோம். அந்தப் பாவத்துக்கு மேதைகளின் பெயரைத் துணைக்கழைக்க எவருக்கும் உரிமையில்லை.